மிதித்தது நான்தான்

எங்கள் தெருவில் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டால் என்னைத் தேடித்தான் வருவார்கள். நான் வைத்தியன் இல்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு ரோலர் மாற்றுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. ஆனால் நான் பிறக்கும்போது தலை முதலில் வராமல் கால் முதலில் வந்ததாம். அப்படிக் காலால் பிறந்தவன் குதிகாலை வைத்து மூன்று தடவை மிதித்து வழித்துவிட்டால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள். பாயில் குப்புறப் படுப்பார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது குதிகாலால் மிதிப்பேன். எழுந்து, முதுகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "தேவலாம் ஏழுமலை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவன். குப்புறப் படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் அந்த வேலை எனக்கு ஒத்துவந்தது.

இப்போது என்னைப் பற்றி எங்கள் ஊர் மந்தாரக்குப்பத்தில் இரண்டு பேச்சு ஓடுகிறது. கர்ப்பமாக இருந்த பெண்டாட்டியை மிதித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் என்பது ஒன்று. காலில் இருந்த வரத்தை விட்டுவிட்டு, எலும்பை நெட்டி முறிக்கிற ஒரு பொம்பளையிடம் பெண்டாட்டியைக் கூட்டிப்போனவன் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் மறுக்கவில்லை. யாரோ சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் இடுப்பு வலியோடு ஒரு பெண் இருக்கிற வீட்டில் யாராவது இதைப் படித்தால் நல்லது.

என் மனைவி சுமதி ஜாக்கெட் தைப்பவள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். இதற்கு முன் இரண்டு தடவை கரு நின்று, ஒன்று மூன்றாம் மாதத்திலும் ஒன்று ஐந்தாம் மாதத்திலும் போய்விட்டது. முப்பத்தாறு வயதில் மூன்றாவதாக நின்றதும் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து என் அக்கா பூங்காவனம் துணிப்பையோடு வந்து இறங்கினாள். அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். "இந்தத் தடவ புள்ள கைக்கு வர்ற வரைக்கும் நான் இந்த வூட்ட விட்டு நகர மாட்டேன்" என்றாள். நகரவும் இல்லை.

ஐந்தாம் மாதம் தாண்டியது. நாங்கள் மூச்சு விட்டோம். ஆறாம் மாதத்தில் வலி வந்தது.

இடுப்புக்குக் கீழே, இடது பக்கம், குழி விழுகிற இடத்தில் ஆரம்பித்துப் பின்தொடை வரைக்கும் இறங்கும். படுக்கையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரள வேண்டுமென்றால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். ஒற்றைக் காலில் நின்று பாவாடையைக் காலில் மாட்ட முடியாது. தையல் மெஷின் பெடலில் கால் வைக்க முடியாது. கொஞ்ச நாளில் சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் போக முடியாத நிலை வந்தது.

மாதப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியின் பேர் இங்கே வேண்டாம். வெளியே பெரிய கூட்டம். டாக்டரம்மா தலை நிமிராமல், "கர்ப்பத்துல இடுப்பு வலி எல்லாருக்கும் வரும்மா. பிரசவமானா சரியாயிடும்" என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சுமதி என்னைப் பார்த்தாள். "எல்லாருக்கும் வருதுன்னா எனக்கு வலிக்காதாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உள்ளே திரும்பிப் போய்க் கேட்கவும் தெரியவில்லை. மாத்திரை வாங்கும் வரிசையில் போய் நின்றேன்.

அக்காவுக்குப் பதில் தெரிந்திருந்தது. "தெருவுக்கெல்லாம் மிதிக்கிற. ஒம் பொண்டாட்டிக்கு மிதிக்க மாட்டியா?"

"வயித்துப் புள்ளக்காரிய எப்பிடிக்கா மிதிக்கிறது?"

"குப்புற படுக்க வெச்சா மிதிக்கச் சொன்னேன்? அவ செவுத்தப் புடிச்சிகினு நிக்கட்டும். நீ பூ மாதிரி குதிகால வெய்யி. மூணே தடவ."

பத்து நாள் தட்டிக் கழித்தேன். சுமதியே ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வெச்சித்தான் பாருங்களேன், தாங்க முடியல" என்றாள். அவள் கேட்டாள் என்பதற்காக என் தப்பை அவள் தலையில் போடவில்லை. வலியில் இருப்பவள் எதையும் கேட்பாள். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். முதல் தடவை லேசாக வைத்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் ஒன்றுமில்லை. "எறும்ப மிதிக்கிறவன் மாதிரி வெக்கிற, அழுத்துடா" என்றாள் அக்கா. அழுத்தினேன். சுரங்கத்தில் பூட்ஸ் போட்டு நடந்து காய்த்துப்போன குதிகால் அது.

"யம்மா" என்று ஒரு சத்தம். சுமதி சுவரோடு அப்படியே சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தினால் இடது கால் தரையில் ஊன்றவில்லை.

அதே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது அக்கா சுமதியின் காதருகே, "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டேன்னு சொல்லு. மிதிச்சான்னு சொன்னா போலீசு கேசாயிடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கும் அது கேட்டது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டியூட்டி டாக்டரிடம் சுமதி அப்படியே சொன்னாள்.

அந்த ஒரு பொய் எங்களை எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனது என்று சொல்ல வேண்டும். கர்ப்பிணி விழுந்துவிட்டாள் என்றால் அவர்கள் முதலில் பயப்படுவது நச்சுக்கொடிக்கு. அது கருப்பையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தால் பிள்ளைக்கு ரத்தம் போகாது. அதனால் உடனே ஸ்கேன். பிறகு வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டை கட்டினார்கள். ஒரு பட்டை பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும், இன்னொன்று கருப்பை இறுகுகிறதா என்று பார்க்கும். மெஷினிலிருந்து காகிதம் கோடு கோடாக வந்துகொண்டே இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் துடிப்புச் சத்தம் வராந்தாவுக்கு வரும். வேகமாக, விடாமல். நான் அந்தச் சத்தத்துக்காகவே கதவுக்கு எதிரில் இருந்த பெஞ்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வார்டு என்பதால் அதற்கு மேல் எனக்கு இடமில்லை.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் காலைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார்கள். விழுந்ததில் எலும்பு ஏதாவது விரிசல் விட்டதா? முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்துகிறதா? கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே எடுக்க யோசிப்பார்கள். அதனால் காந்தத்தால் படம் பிடிக்கிற எம்ஆர்ஐ என்றார்கள். அதற்கு மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டும். "உள்ள தகரக் கொட்டாய்ல ஆலங்கட்டி மழ பெய்யிற மாதிரி சத்தம்" என்றாள் சுமதி, வெளியே வந்து. அவள் அந்த நேரத்திலும் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சுமதிக்கு உடம்பு துடைத்துவிட்ட நர்ஸ் முதுகில் கன்றிப்போன இடத்தைப் பார்த்திருக்கிறார். அக்காவை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரம்மா சுமதியிடம் தனியாக ஏதோ கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. டாக்டரம்மா, அந்த நர்ஸ், கையில் நோட்டோடு கவுன்சிலர் என்று சொல்லப்பட்ட ஒரு அம்மா.

"எந்தப் பக்கமா விழுந்தாங்க?"

"இடது பக்கம்ங்க."

"அவங்க உக்காந்தாப்புல விழுந்தேன்னு சொல்றாங்க. நீங்க குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"அவங்க முதுகுல இருக்கிறது விழுந்த காயம் இல்ல. குதிகால் அளவுக்குக் கன்னிப்போயிருக்கு. மிதிச்சீங்களா?"

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் இரண்டு நாளாக அந்தத் துடிப்புச் சத்தத்தையே கேட்டு உட்கார்ந்திருந்ததில் ஒன்று மட்டும் புரிந்திருந்தது. அவர்கள் தேடுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. இருக்கிற இடத்தைச் சொல்லாமல் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"மிதிச்சேங்க."

கவுன்சிலர் அம்மா பேனாவைத் திறந்தார். "எதுக்கு மிதிச்சீங்க?"

"வலிக்குதுன்னு சொன்னாங்க."

"வலிக்குதுன்னு சொன்னதுக்கா மிதிச்சீங்க?"

"ஆமாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே உறைத்தது. "நான் காலால பொறந்தவங்க" என்றேன் அவசரமாக. அது இன்னும் மோசமாகிவிட்டது. டாக்டரம்மாவுக்கு வெளியூர். கவுன்சிலர் அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். நர்ஸ் மட்டும், இந்தப் பக்கத்துக்காரர், தலையில் கை வைத்துக்கொண்டார். "டாக்டர், சுளுக்கு வழிக்கிறதச் சொல்றாருங்க. காலால பொறந்தவங்க மிதிச்சா முதுகுப் பிடிப்பு போவும்பாங்க. எங்க வூட்டுல எங்கப்பாவே மிதிபட்டிருக்காரு."

சுமதியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கேட்டார்கள். "அவரு மிதிச்சது அந்த மிதி இல்லீங்க, வேற மிதி" என்றாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா எங்கள இல்லாத ஒண்ணத் தேட வெச்சிருக்கீங்க. நீங்க சொன்ன பொய்யாலதான் இவ்ளோ டெஸ்ட். உங்களுக்குப் புரியுதா?"

அதுவரைக்கும் என் வாழ்க்கையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் நான் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"பொய் சொன்னது தப்புங்க. மிதிச்சது அதவிடப் பெரிய தப்பு. என்னா வேணும்னாலும் எழுதிக்குங்க. ஆனா ஆறாம் மாசம் இதே ஆஸ்பத்திரிக்கு வந்து வலிக்குதுன்னு நெசத்தச் சொன்னாங்க. எல்லாருக்கும் வரும்னு சொல்லி அனுப்பிட்டீங்க. நெசத்துக்கு ஒரு மாத்திரதாங்க குடுத்தீங்க. பொய்க்குத்தான் அத்தன டெஸ்ட்டும் எடுத்தீங்க."

டாக்டரம்மா என்னைத் துரத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். "படுக்க வைங்க இவங்கள" என்றார் நர்ஸிடம்.

அன்றைக்குத்தான் சுமதியின் இடுப்பை ஒருவர் சரியாகப் பார்த்தார். முழங்காலை மடக்கி அழுத்தினார். நேராகக் காலைத் தூக்கச் சொன்னார். எங்கே விரல் வைத்தால் வலிக்கிறது என்று சுமதியையே தொட்டுக் காட்டச் சொன்னார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இடுப்பெலும்பு ஒரு வளையம் மாதிரி. முதுகெலும்பு முடிகிற இடத்தில் முக்கோணமாக ஒரு எலும்பு இருக்கிறது. வளையம் அதோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் மூட்டு. பிள்ளை வெளியே வர வழி வேண்டும் என்பதற்காகக் கர்ப்பத்தில் அந்த மூட்டைக் கட்டியிருக்கும் நார்கள் தளரும். சிலருக்கு அது வலியாகிவிடும். சுமதிக்கு இடது மூட்டில். அதன்மேல் என் குதிகால் விழுந்ததும் சுற்றியிருந்த தசை மொத்தமும் இறுகிப் பிடித்துக்கொண்டது. எலும்பும் டிஸ்க்கும் நன்றாக இருப்பதாகச் சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது.

இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு பெல்ட் கொடுத்தார்கள். முழங்கால் இரண்டையும் சேர்த்தே புரள வேண்டும், உட்கார்ந்துதான் துணி மாற்ற வேண்டும் என்று பிசியோதெரபி அறையில் சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். கால் ஊன்ற முடிந்தது. ஆனால் வாசல் வரைக்கும்தான். சொல்லிக் கொடுத்த பயிற்சியை மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தாள். அப்போதும் வாசல் வரைக்கும்தான். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், நடக்க வேண்டும் என்கிறார்கள். நடந்தால் அழுகிறாள். நடக்க முடியாமல் போய்ப் பிரசவ மேசையில் எப்படிக் காலை அகட்டுவாள், எப்படி முக்குவாள் என்பதுதான் அவள் பயம். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாவதைப் படுத்த படுக்கையில் காத்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் பயம் சின்னது இல்லை.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் சுமதியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ஒரு மேடம் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கும் இரண்டாவது பிரசவத்தின்போது இதே வலியாம். கடலூரில் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பெண் கைரோபிராக்டர் வருவதாகச் சொன்னார்கள். முதுகெலும்பையும் மூட்டையும் கையாலேயே சோதித்து, கையாலேயே அழுத்தியோ நகர்த்தியோ வலியைக் குறைக்கப் பார்க்கிற முறை அது. கைரோபிராக்டிக் என்று பேர். என் வாயில் அது நுழைய இரண்டு வாரம் ஆனது. அக்காவுக்கு இன்றுவரை நுழையவில்லை. கைராட்டை என்பாள்.

அக்கா சும்மா விடவில்லை. போனில் வீடியோ தேடிப் பார்த்துவிட்டாள். யாரோ ஒருவன் இன்னொருவன் கழுத்தைத் திருப்புகிறான், டப் என்று சத்தம். "பாருடா, கோழிக் கழுத்தத் திருப்புற மாதிரி திருப்புறான். இதுக்கா அவளக் கூட்டிகினு போவப்போற? ஒன் ஒரு மிதிக்கே அஞ்சு நாளு படுத்துகினு இருந்தா. அந்தக் கைராட்டக்காரி கை வெச்சி ஏதாவது ஆச்சின்னா?"

அவள் கேட்டது நியாயம்தான். எனக்கும் அதே பயம். மிதித்த கால் என்னுடையது, பயப்படாமல் எப்படி இருக்கும்? டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டேன். இந்தத் தடவை வெளியே கூட்டமாக இருந்தும் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அந்த வைத்தியத்தால கண்டிப்பா சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வலி குறையுது, சிலருக்குக் குறையல. படிச்சவங்களா, கர்ப்பிணிகளப் பாத்துப் பழக்கம் உள்ளவங்களான்னு கேளுங்க. வயித்துல அழுத்தக் கூடாது, குப்புறப் படுக்க வெக்கக் கூடாது, முறுக்கித் திருப்பக் கூடாது. ரத்தக் கசிவு, தண்ணி ஒழுகுறது, பிள்ள அசைவு குறையிறது, கால் மரத்துப்போறது, எது வந்தாலும் அங்க போகாதீங்க, இங்க வாங்க." ரிப்போர்ட்டோடு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். அக்கா மறுபடியும் ஆரம்பித்தாள். ஊரில் என் பேர் கெடும் என்றாள், இரண்டு தடவை போன பிள்ளையைச் சொன்னாள், செத்த அம்மாவைச் சொன்னாள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த சுமதி சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அண்ணி, அவரு மிதிக்கட்டும்னு நீங்க சொன்னீங்க. வழுக்கி உழுந்தேன்னு சொல்லச் சொன்னதும் நீங்க. நான் ரெண்டும் செஞ்சேன். இது என் முதுகு. இந்தத் தடவ நான் சொல்றத நீங்க செய்யுங்க. ஒரு தலகாணி கட்டிக் குடுங்க, கார்ல உக்காந்துகினு போவணும்."

அக்கா கொல்லைப்புறம் போய்விட்டாள். அழுதாளா தெரியாது. மத்தியானம் பார்த்தால் தன்னுடைய பழைய புடவையில் இலவம்பஞ்சை அடைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். முதுகுக்கு ஒன்று, முழங்கால் நடுவே வைக்க ஒன்று. "தையக்காரி வூட்டுல நான் தைக்க வேண்டியிருக்கு பாரு" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

வேலையிடத்தில் லீவு கேட்டதும் எங்கள் சூப்பர்வைசர், "பொண்டாட்டிக்கு இடுப்பு வலின்னா நீ எதுக்குய்யா லீவு போடற? பிரசவம் உனக்கா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூட வேலை செய்கிற ஒருவன், "அவன் மிதிக்கிற காலுக்கே லீவு வுட்டுட்டான் சார்" என்றான். வழக்கமாக நானும் சேர்ந்து சிரித்துவிட்டு ஒதுங்கிவிடுவேன். அன்று, "ஆமாம் சார். என்னால வந்த வலி அது. நான்தான் போவணும். கூலிய வெட்டிக்குங்க" என்றேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

கடலூரில் மாடிப்படி ஏற வேண்டுமோ என்று பயந்துகொண்டு போனோம். கீழ்த் தளம்தான். கைரோபிராக்டர் மேடத்துக்கு என்னைவிட வயது குறைவு. எந்த மெஷினும் இல்லை. நடுவில் ஒரு மேசை, தலையணைகள், சுவரில் முதுகெலும்புப் படம். அரை மணி நேரம் பேச்சுதான். ரிப்போர்ட்டையும் சீட்டையும் முழுதாகப் படித்தார். பிறகு, "இதுக்கு முன்னாடி முதுகுல யாராவது ஏதாவது செஞ்சாங்களா?" என்று கேட்டார்.

"நான்தாங்க மிதிச்சேன்" என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள். எந்தக் காலால், எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தம் என்று கேட்டார். சுவரில் மிதித்துக் காட்டினேன். குறித்துக்கொண்டார். திட்டவில்லை.

"சத்தம் வருமாங்க?" என்று கேட்டாள் சுமதி.

"வராது. உங்களுக்கு அந்த மாதிரி எதுவும் செய்யப் போறதில்ல. வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடுவேன். பிரசவம் சுலபமாயிடும், அது இதுன்னு எல்லாம் நான் வாக்கு குடுக்க மாட்டேன். வலியக் கொஞ்சம் குறைக்க முடியுதான்னு பாப்போம்."

சுமதியை வலது பக்கமாகப் படுக்க வைத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே அக்கா தைத்தது. பின்னால் நின்று, "இங்க தொடலாமா?" என்றார்.

யாரைக் கேட்கிறார் என்று சுமதிக்குப் புரியவில்லை போல. அவர் கையை வைக்காமலே காத்துக்கொண்டு நின்றார். "தொடலாமா?"

"தொடுங்க" என்றாள் சுமதி.

ஒவ்வொரு தடவை கை இடம் மாறும்போதும் கேட்டார். நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை முதுகை மிதித்திருப்பேன். ஒருவரிடமாவது கேட்டிருக்கிறேனா? கோபமாக வந்தது. என் மேல்தான்.

அவர் செய்ததைப் பார்த்தபோது எனக்கு என் வேலைதான் ஞாபகம் வந்தது. ஓடுகிற கன்வேயர் பெல்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட ஆரம்பித்தால் புதிதாக வந்தவன் பெல்ட்டையே நெட்டித் தள்ளப் பார்ப்பான். அது இன்னும் கெடும். வேலை தெரிந்தவன் பெல்ட்டைத் தாங்குகிற ரோலர் ஃபிரேமை ஒரு நூல் அளவுக்கு நகர்த்துவான். பெல்ட்டை ஓடவிட்டுப் பார்ப்பான். பிறகு இன்னொரு நூல். மேடம் உள்ளங்கையை அந்த முக்கோண எலும்பின் மேல் வைத்து லேசாக அழுத்துவார், காத்திருப்பார், சுமதியை மூச்சு விடச் சொல்வார், பிறகு விரலால் சுற்றியிருக்கும் தசையைத் தொட்டுப் பார்ப்பார். எழுப்பி நான்கு அடி நடக்க வைப்பார். மறுபடியும் படுக்க வைப்பார். நான் முதுகை அழுத்தத் தெரிந்தவன், காத்திருக்கத் தெரியாதவன்.

மறுநாள் வலி அதிகமாக இருந்தது. அக்கா பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். மேடத்துக்குப் போன் செய்தேன். ஒரு நாள் அப்படி இருக்கலாம், இரண்டாம் நாளும் குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள் என்றார். குறைந்தது. மூன்றாம் நாள் சுமதி சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் போனாள். அடுத்த வாரமும் போனோம், அதற்கடுத்த வாரமும். வீட்டில் பெல்ட்டும் பயிற்சியும் நடந்துகொண்டிருந்தன. நான்காவது தடவை போய்வந்த பிறகு தெரு முனை வரைக்கும் நடந்தாள். வலி போய்விடவில்லை. பாதியாகக் குறைந்தது என்பாள். அந்தக் கை குறைத்ததா, பெல்ட்டா, பயிற்சியா, அவள் பேச்சை நாங்கள் கேட்க ஆரம்பித்ததா, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லிச் செய்த கெடுதல் போதும்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்தெருக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மிதிக்க மாட்டேன் என்றேன். "ஒரு தடவ தப்பாப் போச்சின்னு கால மூட்ட கட்டி பரண்ல வெச்சிட்டியா? சாமி குடுத்ததுடா அது."

"வெச்சிட்டேன்ணே. ஆஸ்பத்திரிக்குப் போங்க. வலிக்குதுன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் வரும்னு சொன்னா மறுபடியும் சொல்லுங்க."

அவர் என்னைத் திட்டிக்கொண்டே போனார். தெருவில் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. பேசிக்கொள்ளட்டும்.

பிரசவ வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டாக்டரம்மா சொன்ன கணக்குக்கு ஆறு நாள் முன்னால். அதே ஆஸ்பத்திரி. வார்டிலிருந்து பிரசவ அறை வராந்தாவின் அந்தக் கடைசியில். பத்து மணிக்கு மேல் ஒரு ஆயாம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"உக்காரும்மா, கூட்டிகினு போவச் சொல்லிட்டாங்க."

"நடந்தே வரேன்" என்றாள் சுமதி.

"ஏற்கெனவே இடுப்பு வலி கேசுன்னு சீட்டுல எழுதியிருக்கு. உக்காரு."

"அதனாலதான் நடக்கறேன்."

அக்கா அவள் முகத்தையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்த ஆயாம்மாவிடம், "நீ தள்ளிகினு பின்னால வாம்மா, அவ நடப்பா" என்று சொல்லிவிட்டு, தன் பிளாஸ்க்கைத் தூக்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள்.

என்னைக் கதவு வரைக்கும் விட்டார்கள். சுமதி ஒரு கையை என் தோளில் போட்டுக்கொண்டாள், ஒரு கை இடது இடுப்பில். நடுவில் இரண்டு தடவை வலி வந்து அப்படியே நின்றாள். என் தோளில் நகம் பதிந்தது. முழங்காலைச் சேர்த்து வைத்து, மேடம் சொன்னபடி மூச்சு விட்டாள். வராந்தா பூராவும் ஜனம். ஸ்கேனுக்குக் காத்திருக்கும் பெண்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், மாத்திரை வரிசையில் நிற்பவர்கள். எல்லாருடைய முகமும் எங்கள் பக்கம் திரும்பியது. வேகமாக வந்த ஒரு நர்ஸ் நிறுத்தினார்.

"என்னங்க இது, நாற்காலி காலியா வருது, அவங்க நடந்து வர்றாங்க? எல்லாரும் பாக்குறாங்க பாருங்க."

"பாக்கட்டும்ங்க" என்றேன்.

போகலாம் என்று சுமதி என் தோளைத் தட்டினாள். அடுத்த வலி வருவதற்குள் பிரசவ அறைக் கதவு வரைக்கும் மீதி தூரத்தை நடந்துவிட்டோம்.